ஸ்டாமினா: தமிழில் தாங்குதிறன்

இரண்டாவது பாதியில் ஓட முடியாமல் இடுப்பில் கை வைத்து நிற்கும் ஆட்டக்காரரைப் பார்த்து "ஸ்டாமினா இல்லை" என்கிறோம். பளுவைத் தூக்க முடியாமல் கீழே போட்டவரையும் அப்படியே சொல்கிறோம். முன்னது சரி. பின்னவருக்குக் குறைவது வலிமை.

லத்தீனில் 'ஸ்டாமென்' என்றால் தறியில் நெடுக்காகக் கட்டும் நூல், அதாவது பாவு நூல். அதன் பன்மைதான் ஸ்டாமினா. வேர்ச்சொல்லுக்கு 'நில்' என்று பொருள். பழைய நிமிர்ந்த தறிகளில் பாவு செங்குத்தாக நின்றதை நினைத்தால் பொருத்தம் புரியும். (பூவில் இருக்கும் மகரந்தத் தாளுக்கும் ஆங்கிலத்தில் ஸ்டாமென் என்றுதான் பெயர்.) கிரேக்க, ரோமானியப் புராணங்களில் விதியின் தேவதைகள் மூவர். ஒருத்தி ஆயுள் நூலை நூற்பாள், ஒருத்தி அளப்பாள், ஒருத்தி அறுப்பாள். அந்த ஆயுள் நூலும் லத்தீனில் ஸ்டாமென்தான். அதனால் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஸ்டாமினா என்பது பிறவியிலேயே அமைந்த உடல்வாகைக் குறித்தது. களைக்காமல் நீடிக்கும் ஆற்றல் என்ற இன்றைய பொருள் அப்புறம் வந்தது.

தமிழில் தாங்குதிறன் என்பதே பொருந்தும். பேச்சில் 'தாக்குப்பிடிப்பது' என்கிறோமே, அதுதான். 'தம் இல்லை' என்பதும் உண்டு. ஆனால் தம் பாரசீக வழி வந்த சொல், மூச்சு என்று பொருள். ஆகவே அது பாதியைத்தான் சொல்கிறது.

மீதிப் பாதி தசையில் இருக்கிறது. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓடுபவருக்கு முதலில் வேண்டியது இதய, நுரையீரல் தாங்குதிறன்: மணிக்கணக்கில் தசைகளுக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பாறை ஏறுபவருக்கு மூச்சு இருந்தும் முன்னங்கை இறுகிப் பிடி நழுவலாம். அது தசைத் தாங்குதிறன் சார்ந்தது. ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வந்துவிடாது.

100 மீட்டர் ஓட்டத்துக்கு இது எதற்கு என்று தோன்றும். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோதுகூட உச்ச வேகம் 60 முதல் 80 மீட்டருக்குள்தான் இருந்தது. கடைசி 20 மீட்டரில் வேகம் சற்றுக் குறைந்தது. முடிவுக்கோட்டருகே ஒருவர் சீறிப் பாய்வதுபோலத் தெரிவது பெரும்பாலும் அவர் மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்வதால்தான். இதை வேகத் தாங்குதிறன் என்பார்கள்.

ஃபிட்னஸ் முழுவதற்கும் சொல் உடற்தகுதி. இலக்கணப்படி உடற்றகுதி என்றுதான் புணர வேண்டும், ஆனால் அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது! வலிமை, வேகம், நெகிழ்வுத்தன்மை, சமநிலை, சுறுசுறுப்பு, ஒருங்கிணைப்பு எல்லாம் அதன் கூறுகள். தாங்குதிறன் அவற்றில் ஒன்று மட்டுமே.

அளந்து பார்க்க பீப் டெஸ்ட் இருக்கிறது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலி வருவதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு ஒரு நிலை ஏறி அரை கிலோமீட்டர் வேகம் கூடும். சில வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு ஓடினால் பெரும்பாலானோர் முன்பைவிட மேல் நிலைக்குப் போகிறார்கள். பிறவி நூல் என்ற பழைய பொருள் இந்த இடத்தில் செல்லுபடியாகவில்லை.