கடைசிக் கீமோ என்றைக்கு?

காய்ச்சலோடு வருபவரிடம் குடும்ப மருத்துவர் வழக்கமாகக் கேட்பது எத்தனை நாளாக, குளிர்நடுக்கம் உண்டா, சளி இருமல் உண்டா என்பதைத்தான். வந்தவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கடைசிக் கீமோ என்றைக்குப் போட்டார்கள்? கீமோ போட்ட அன்று இரவு வரும் காய்ச்சல் சில மருந்துகளின் எதிர்வினையாக இருக்கலாம். பத்தாம் நாள் வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

காரணம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்துகள் தாக்கும். அது புற்றுச் செல்லா, ரத்த அணுக்களைத் தயாரிக்கும் மஜ்ஜைச் செல்லா என்று அவை பார்ப்பதில்லை. கிருமிகளோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்குவது அரிது, தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். உற்பத்தி நின்றாலும் மஜ்ஜையில் முதிர்ந்து நிற்கும் கையிருப்பு சில நாள் தாக்குப்பிடிக்கும். அதுவும் தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு வந்து, மூன்றாம் வாரத்தில் மீள்கிறது. பல கீமோக்களை 21 நாளுக்கு ஒருமுறை போடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நியூட்ரோஃபில் குறைந்த உடம்பில் சீழ் பிடிக்காது. நிமோனியா இருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். சிறுநீர்த் தொற்று இருக்கும், பரிசோதனையில் சீழணு இருக்காது. பல நேரம் கையில் கிடைக்கும் ஒரே தடயம் காய்ச்சல்தான். வெப்பநிலை ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ (ஏறக்குறைய 101 ஃபாரன்ஹீட்), 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, கூடவே நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழ் இருந்தாலோ இறங்கும் கட்டத்தில் இருந்தாலோ, அது அவசரநிலை. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மாலை ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பது. இன்னொன்று, ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுக்களை மட்டும் பார்ப்பது. மொத்தம் 1,800 என்றால் குறைவுதான், ஆனால் பயங்கரமாகத் தோன்றாது. அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் உண்மையான எண்ணிக்கை 360. இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காததால் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. மூன்றாவது பாராசிட்டமால். நோயாளி வரும்முன்பே ஒரு மாத்திரை போட்டிருந்தால் தெர்மாமீட்டர் 37 காட்டும், அந்த எண்ணை நம்பக் கூடாது. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமல், மந்தமும் குறைந்த ரத்த அழுத்தமும் மட்டும் இருக்கலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர், வைப்பு மாத்திரை, எனிமா எதுவும் கூடாது. அங்கே ஏற்படும் சிறு கீறல்கூடக் குடல் கிருமிகளுக்கு வாசல். குடும்ப மருத்துவர் செய்ய வேண்டியது சுருக்கமானது: ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு பார்த்துக் குறித்து, மருத்துவமனையைப் போனில் அழைத்து மருந்தின் பெயரையும் எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லி, நோயாளியை உடனே கிளப்பிவிடுவது.

எத்தனையாவது நாள் என்ற இந்தக் கணக்கு இம்யூனோதெரபியில் செல்லாது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை புற்றுச் செல்லை நேரடியாகத் தாக்குவதில்லை. நோயெதிர்ப்பு அணுக்களுக்குப் போடப்பட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. பிரேக் போன அணுக்கள் புற்றை மட்டுமல்ல, குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம். மருந்து நின்று மாதங்கள் கழித்தும் இது கிளம்பும். ஆனால் நோயாளிக்கு டிரிப்பில் ஏறுவதெல்லாம் கீமோதான், "கீமோ முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு டாக்டர்" என்றுதான் சொல்வார். அதனால் மருந்தின் பெயரைக் கேட்க வேண்டும். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் பேதி போகிறவர் இந்த மருந்து எடுத்தவர் என்றால், லோபரமைடு கொடுத்து அடக்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. குடல் அழற்சி முற்றி ஓட்டை விழுந்துவிடலாம். அங்கே தேவைப்படுவது ஸ்டீராய்டு. இதைவிட எளிதில் நழுவுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பாதிப்பு: தீராத களைப்பு, தலைவலி, குறைந்த சோடியம், குறைந்த ரத்த அழுத்தம். 'புற்றுநோய்க் களைப்பு' என்று ஒதுக்கப்படும் பலவற்றில் கார்டிசால் என்ற ஹார்மோனின் குறைபாடு ஒளிந்திருக்கலாம். காலையில் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

குடும்ப மருத்துவரின் அன்றாட வேலை இவ்வளவு நாடகத்தனமானது அல்ல, ஆனால் அங்கேதான் அவருக்கு ஈடு இல்லை. புற்றுநோய் நிபுணர் கட்டியைப் பார்க்கிறார். அதே ஆளின் சர்க்கரை, ரத்த அழுத்தம், வாதம், தூக்கம் எல்லாம் இவரிடம்தான் இருக்கின்றன. கீமோவோடு வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சர்க்கரையைத் தூக்கிவிடும். காலையில் போடும் அந்த மாத்திரை மதியத்துக்கு மேல்தான் உச்சத்தைக் காட்டும் என்பதால், வெறும் வயிற்றில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மதிய உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்கு முன்பும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். பத்து கிலோ இளைத்து, வாந்தியில் தண்ணீர் இழந்த ஒருவர் பழைய சீட்டில் இருந்த நீர் மாத்திரையையும் எனலாபிரிலையும் அப்படியே விழுங்கிக்கொண்டிருப்பார். அதற்கு மேல் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏறினால் சிறுநீரகம் படுத்துவிடும். எந்த மாத்திரையைச் சேர்ப்பது என்பதைவிட எதை நிறுத்துவது என்று யோசிப்பதே இந்த இடத்தில் நல்ல வைத்தியம்.

மருந்துகளுக்குள் வரும் சண்டையும் இவர் மேஜையில்தான் தீர வேண்டும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டாமாக்ஸிஃபென் வேலை செய்ய, கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மனச்சோர்வுக்கும், உடல் திடீரெனச் சூடாவதற்கும் கொடுக்கும் பராக்ஸெட்டினும் ஃப்ளூஆக்ஸெட்டினும் அந்த நொதியை முடக்கும். வென்லாஃபாக்ஸின் அவ்வளவு முடக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரையைத் தொடங்கினால் ரத்தக்கசிவு வரை போகலாம். ரத்தப் புற்றுக்கு மெர்காப்டோப்யூரின் எடுப்பவருக்கு யூரிக் ஆசிடுக்காக வழக்கம்போல் அலோப்யூரினால் எழுதினால் மஜ்ஜை சுருண்டுவிடும். சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மெர்காப்டோப்யூரினை மூன்றில் ஒன்று, நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ரிட்டுக்சிமாப் என்ற புற்று மருந்தைப் பெற்றவர்களிடம் இன்னொரு வலை உண்டு. உடலில் உறங்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை அந்த மருந்து எழுப்பிவிடும் என்பதால், தேவைப்படுவோருக்கு என்டகாவிர் போன்ற மாத்திரை கொடுத்திருப்பார்கள். ரிட்டுக்சிமாப் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாதம் அதைத் தொடர வேண்டும். 'சிகிச்சைதான் முடிந்துவிட்டதே' என்று நோயாளி மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டதை, மறுபடி சீட்டு எழுதப் போகிறவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

முதுகுவலிக்கு வருவோம். தினம் பத்துப் பேர் சொல்லும் புகார் இது. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்று வந்தவர் சொன்னால் அதன் பொருளே மாறிவிடும். படுத்தால் கூடுகிற வலி, இரவில் எழுப்புகிற வலி, இருமினால் முதுகைச் சுற்றிப் பட்டையாக இறுக்குகிற வலி ஆகியவை முதுகெலும்புக்குப் பரவிய கட்டியால் தண்டுவடம் அமுக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கால் பலவீனமும் சிறுநீர் அடைப்பும் வரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர்தான் பிறகும் நடப்பார், நடை போன பின் அது திரும்புவது அரிது. 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இடுப்பில் வலி என்று அந்த இடத்தை மட்டும் படம் எடுத்தால், மேலே இருக்கும் இன்னொரு கட்டி தப்பிவிடும்.

நோய் முற்றியவருக்கு மார்ஃபின் எழுதத் தயங்கும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேவையற்ற தயக்கம். வாய்வழி மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60. இடையில் வலி குத்தினால் அந்த மொத்தத்தில் ஆறில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை, அதாவது 6 முதல் 10 மில்லிகிராம், கூடுதலாகக் கொடுக்கலாம். எத்தனை தடவை கூடுதலாக எடுத்தார் என்று எழுதிவைத்தால் அடுத்த அளவு தானே தெரிந்துவிடும். குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. எனவே முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு தேங்கி மயக்கம் வரும், கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். அவர்களுக்கு ஃபென்டனில் பொருந்தும்.

நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய கட்டத்தில் ஒரே ஒரு தவறை மட்டும் சொல்லியாக வேண்டும். கழுத்தில் காரணம் தெரியாத நெறிகட்டி, அல்லது விளங்காத காய்ச்சலும் எடைக்குறைவும். சோதித்துப் பார்க்கலாம் என்று ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. அது லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றாக இருந்தால் கட்டி கரைந்துவிடும், நோயாளிக்கு ஆனந்தம். சில வாரத்தில் திரும்ப வரும். இடையில் எடுத்த பயாப்ஸியில் செத்த செல்கள்தான் கிடைக்கும், வகை சொல்ல முடியாது. பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம்.

சிகிச்சை முடிந்த பின் யார் கவனிப்பது? 2006-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், ஆரம்பக்கட்ட மார்பகப் புற்று சிகிச்சை முடித்த 968 பெண்களில் ஒரு பாதியைக் குடும்ப மருத்துவர்களும் மறு பாதியைப் புற்றுநோய் மையங்களும் தொடர்ந்து கவனித்தன. நோய் திரும்பியதால் ஏற்பட்ட கடும் விளைவுகள் முதல் குழுவில் 3.5 சதவீதம், இரண்டாவதில் 3.7. குடும்ப மருத்துவர்களுக்கு எளிய வழிகாட்டுதல் ஒன்று மட்டுமே தரப்பட்டது. செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. முதல் மூன்றாண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை விசாரித்துத் தொட்டுப் பரிசோதிப்பது, ஆண்டுக்கொருமுறை மேமோகிராம். அறிகுறி எதுவும் இல்லாதபோது, ரத்தத்தில் புற்றின் தடயம் தேடும் ட்யூமர் மார்க்கர் பரிசோதனையும் எலும்பு ஸ்கேனும் ஆயுளைக் கூட்டுவதில்லை, கவலையைத்தான் கூட்டும். பெருங்குடல் புற்றில் நிலைமை வேறு. அங்கே சி.இ.ஏ. என்ற ட்யூமர் மார்க்கர் பரிசோதனை உண்மையிலேயே உதவும்.

இதற்கெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் சில எண்கள் இருந்தாக வேண்டும், பல நேரம் அவைதான் இருக்காது. 'ஆறு சுற்று கீமோ கொடுக்கப்பட்டது' என்பதால் பயனில்லை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு? வாழ்நாளில் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும் அபாயம் செங்குத்தாக ஏறும், அந்தப் பலவீனம் ஆண்டுகள் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பாகத் தலைகாட்டும். கதிர்வீச்சு எங்கே, எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு)? சிறுவயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை 25 வயதில் அல்லது சிகிச்சை முடிந்து 8 ஆண்டில், எது பிந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் 40 வயதுவரை காத்திருக்கக் கூடாது. கழுத்தில் பெற்றவருக்கு ஆண்டுதோறும் தைராய்டு இயக்கத்தைக் காட்டும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால், தாடையில் எத்தனை கிரே விழுந்தது என்பதைப் பல் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும்.