கேர் டிபெண்டென்சி கிராண்ட்: யாருக்குக் கிடைக்கும், எங்கே சிக்கும்

கடுமையான மாற்றுத்திறன் உள்ள, 18 வயது நிரம்பாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்குத் தென்னாப்பிரிக்க அரசு மாதாமாதம் கொடுக்கும் பணம் இது. கொடுப்பது சாசா எனும் அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை, அதற்கான சட்டம் 2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டம். தொகை 2024 ஏப்ரலில் 2,180 ராண்ட், அந்த அக்டோபரில் 2,190. வருடாவருடம் பட்ஜெட்டில் மாறும். அதே ஏப்ரலில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான சைல்ட் சப்போர்ட் கிராண்ட் வெறும் 530 ராண்ட். படுக்கையிலிருக்கும் பிள்ளைக்கு அந்த 530 மட்டும் வாங்கிக்கொண்டு, பெரிய தொகைக்கு விண்ணப்பிக்காமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரே பிள்ளைக்கு இவை இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஃபாஸ்டர் சைல்ட் கிராண்டோடு (கோர்ட் உத்தரவில் வளர்க்க ஒப்படைத்த பிள்ளைக்கானது) சேர்த்து வாங்கலாம்.

பெற்ற தாய் தகப்பன்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் பேரப்பிள்ளையைப் பார்ப்பது ஆயாதான், அவரும் கேட்கலாம். பிள்ளை தன் பொறுப்பில் இருக்கிறது என்பதற்குப் பெற்றோரின் அஃபிடவிட்டோ (சத்தியக் கடிதம்) சமூக சேவகரின் கடிதமோ கையில் இருக்கட்டும். கேட்பவர் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ அகதித் தகுதியோ உள்ளவராக இருக்க வேண்டும். கேட்பவரும் பிள்ளையும் நாட்டிலேயே வசிக்க வேண்டும்.

வருமான வரம்பு கிராண்டின் 10 மடங்கு. 2024 ஏப்ரல் கணக்கில் தனி ஆளுக்கு மாதம் 21,800 ராண்ட், தம்பதிக்கு இருவர் வருமானமும் சேர்ந்து 43,600. ஃபாஸ்டர் பெற்றோருக்கு இந்த வரம்பே கிடையாது. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) பதியவில்லை என்பதற்காகத் தனி ஆள் என்று எழுதாதீர்கள். வருமானத்தை மறைத்தது பின்னால் தெரிந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணவர் விட்டுப் போயிருந்தால் அதை அஃபிடவிட்டாகக் கொடுங்கள்.

அதிகம் சிக்குவது மருத்துவப் பரிசோதனையில். உங்கள் குடும்ப டாக்டரின் கடிதம் துணைச் சான்று மட்டுமே. படிவத்தை நிரப்புவது சாசா அனுப்பும் டாக்டரோ அரசு மருத்துவமனை டாக்டரோ. அவர் பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கலாம். நோயின் பெயரை வைத்து மட்டும் பணம் வராது. பிள்ளைக்கு நிரந்தரமாக எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பதுதான் கேள்வி. படிவத்தில் ‘ஆட்டிசம்’ என்று ஒரே சொல் இருந்தால் தள்ளிவிடுவது சுலபம். ‘8 வயது, ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும், இன்னும் நேப்பி, கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடும்’ என்று இருந்தால் அப்படித் தள்ள முடியாது. ஆகவே முந்தின வாரமே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: குளிப்பாட்டுவது யார், ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், வலிப்பு எப்போதெல்லாம் வருகிறது, இதற்காக யார் வேலையை விட்டார். அந்தத் தாள், ரோட் டு ஹெல்த் புத்தகம் (கிளினிக்கில் தரும் பிள்ளையின் உடல்நலப் பதிவேடு), மருத்துவமனை அட்டை, தெரப்பிஸ்ட் அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் ‘எப்படியோ சமாளிக்கிறோம்’ என்று சொல்லிப் பழகியவர்கள். அங்கே அது வேண்டாம். சமாளிக்க என்ன பாடு படுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் நாளில் மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. கூடவே உங்கள் ஐடி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், திருமண நிலைக்கான சான்று, சம்பளச் சீட்டு, 3 மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாதீர்கள். சாசாவின் அஃபிடவிட் படிவத்தில் எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வழியுண்டு. கிளம்புமுன் தேதியும் முத்திரையும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் எத்தனை மாதம் கழித்து வந்தாலும், பணம் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்காகும். அந்தத் தேதிக்கு அத்தாட்சி ரசீதுதான். இதற்கெல்லாம் கட்டணம் ஒரு சென்ட் கூட இல்லை. ‘முடித்துத் தருகிறேன்’ என்று காசு கேட்கும் ஆளிடம் ஐடியைக் கொடுக்காதீர்கள். சந்தேகத்துக்கு இலவச எண் 0800 60 10 11.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 90 நாள். காரணம் மருத்துவம் என்றால், அதே தாள்களை மறுபடி அனுப்பிப் பயனில்லை. பராமரிப்புத் தேவையை விவரிக்கும் புது அறிக்கையைச் சேர்த்து அனுப்புங்கள்.

பகலில் ஸ்பெஷல் பள்ளிக்குப் போய்வந்தால் கிராண்ட் நிற்காது. முழுக்க அரசுச் செலவில் நடக்கும் இல்லத்தில் 6 மாதத்துக்கு மேல் இரவும் பகலும் இருந்தால் நிற்கும்.

வருமானம் வரம்பைத் தாண்டியவர்கள் வருமான வரி அலுவலகமான சார்ஸ் பக்கம் போங்கள். பிள்ளையின் மாற்றுத்திறனை டாக்டர் ஐடிஆர்-டிடி படிவத்தில் உறுதிசெய்தால், கைக்காசாகச் செய்த தகுதியுள்ள மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரியில் கழியும். நேப்பி, வீல்சேர் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

18 வயதில் இந்தக் கிராண்ட் நின்றுவிடும்; பெரியவர்களுக்கான டிசபிலிட்டி கிராண்ட் தானாகத் தொடங்காது. அது பிள்ளையின் பெயரில் புது விண்ணப்பம், புது மருத்துவப் பரிசோதனை. அதற்குப் பிள்ளைக்குச் சொந்த ஐடி வேண்டும். 16 வயதிலேயே எடுத்துவிடுங்கள், முதல் ஐடிக்குப் பணம் இல்லை. டிசபிலிட்டி கிராண்ட் கிடைத்தபின், முழுநேரம் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுபவருக்கு அதோடு சேர்த்து கிராண்ட்-இன்-எய்டும் கேட்கலாம்.