சீருடை வேலையில் உள்ள கணவரைப் பிரியும்போது: தாபரிப்பு, விவாகரத்து, ஓய்வூதியம்

களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்ற வாசலில் என் சித்தியின் மகளோடு காத்திருந்தேன். அவள் கணவர் ஆமியில். கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் கல்யாணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் மாதக் கடைசியில் கணவர் போட்ட காசு வரிசையாக ஏறியிருந்தது. ஒரு மார்ச்சோடு அது நின்றுவிட்டது. அதற்குக் கீழே சில்லறையாக வட்டி மட்டும். வழக்குக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று நினைத்தேன். ஆனால் அதே பைக்குள் நாலாக மடித்த இன்னொரு தாளும் இருந்தது. எங்களை அலையவிட்டது அந்தத் தாள்தான்.

பெரியவர்கள் நாலு பேரை வைத்து, ஓர் அலுவலகத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம், ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்கமாட்டோம்" என்று எழுதியிருந்தது. இப்படி எழுதி வாங்குவது எங்கள் ஊர்களில் வழக்கம். பிரச்சினை பெரிதாகாமல் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அதன் விலையைப் பெண்தான் கட்டுகிறாள்.

ஏனென்று சொல்கிறேன். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தைத்தான் ஊரில் தாபரிப்புச் சட்டம் என்கிறோம். வசதியுள்ள கணவரோ மனைவியோ, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத மற்றவரைப் பராமரிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கென்று கட்டளை போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேறொருவரோடு வாழ்ந்தாலும் அப்படித்தான். ஆக, "சம்மதித்துப் பிரிந்தோம்" என்ற ஒரு வரி, அவளுடைய பங்கை மறுக்க எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கையில் கொடுத்த ஆயுதம். அடித்து விரட்டினார், பயத்தில் வெளியே வந்தேன் என்பது உண்மையானால் அதை முறைப்பாட்டில் அப்படியே எழுதுங்கள். "சம்மதம்" என்ற சொல் இருக்கும் தாளில் சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளைகளின் பங்கு வேறு. அதைத் தாய் எழுதிக் கொடுத்து இல்லாமல் ஆக்க முடியாது. 18 வயது வரை பிள்ளைக்குப் பராமரிப்புக் கேட்கலாம். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கு 25 வயது வரை கேட்கலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் ஏற்பாடு உண்டு. பெற்றோர் சட்டப்படி கல்யாணம் செய்யவில்லை என்றாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

வழக்குப் போடக் கணவரின் முகாம் இருக்கும் ஊருக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் வசிக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று எதுவென்றாலும் சரி. கணவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், சேவை இலக்கம், எந்தப் படைப்பிரிவு, இப்போது எந்த முகாம் என்பவற்றை எழுதி வையுங்கள். இதில் சேவை இலக்கம்தான் முக்கியம். இடமாற்றம் வந்தால் முகாம் மாறும், இலக்கம் மாறாது. பழைய சம்பளத் தாள் ஒன்று வீட்டில் கிடந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்தச் சம்பளத் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கு வந்ததும், லோன் எல்லாம் கழித்துக் கையில் வரும் தொகையை மட்டும் காட்டி "எனக்கு மிஞ்சுவதே இவ்வளவுதான்" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு எடுத்த கடனும் அந்தக் கழிவில் இருக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், கழிவுகள் எல்லாம் தெரியும் முழுத் தாளையும் நீதிமன்றத்துக்கு வரவழைக்கும்படி கேளுங்கள். மாதம் இவ்வளவு என்று சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. இரு பக்கத்து வருமானத்தையும் தேவையையும் பார்த்து நீதவான் முடிவு செய்வார். அதனால் அரிசி, பால்மா, ரியூஷன், வான் காசு என்று மாதச் செலவை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

கட்டளை போட்டும் காசு வரவில்லையா? சீருடை வேலைக்காரரிடம் ஒரு வசதி உண்டு. அவருக்கு நிரந்தரச் சம்பளம், அதுவும் அரசாங்கம் கொடுப்பது. சம்பளத்திலிருந்தே நேராகக் கழித்து அனுப்பும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். நிலுவைக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கலாம். ஆனால் என் அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டியது சம்பளக் கழிவுதான். சிறைக்குப் போய் வேலையும் போனால் பிள்ளைகளுக்கு வரும் காசும் நின்றுவிடும்.

இனி விவாகரத்து. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். பொதுச் சட்டத்தில் காரணங்கள் மூன்றே மூன்று: கல்யாணத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, தீயநோக்குடன் கைவிடுதல், கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைபாடு. இருவரும் ஒத்துக்கொண்டால் போதும் என்பது இதில் இல்லை. கண்டிச் சட்டப்படி பதிவு செய்த சிங்களக் குடும்பங்களுக்கு மாவட்டப் பதிவாளரிடமே சம்மத விவாகரத்து உண்டு. அம்பாறைப் பக்கம் அதைக் கேள்விப்பட்டு எங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

கணவர் யாழ்ப்பாண முகாமில் எட்டு மாதம் இருந்தார் என்பதற்காக அது கைவிடுதல் ஆகாது. கடமைக்காகப் பிரிந்திருப்பது வேறு, கல்யாணத்தை முடிக்கும் எண்ணத்தோடு விலகுவது வேறு. அதேபோல, கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வந்த மனைவியைக் கைவிட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவளை அந்த நிலைக்குத் தள்ளியவர்தான் கைவிட்டவர் என்று நீதிமன்றம் எடுக்கலாம். அடி, மிரட்டல் இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சீருடை போட்டவர் என்பதால் அதில் சலுகை கிடையாது.

முஸ்லிம் தம்பதிகளுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். தலாக் (கணவர் தரும் விவாகரத்து), பஸஹ் (மனைவி காரணம் காட்டிக் கேட்கும் விவாகரத்து) மட்டுமல்ல, மனைவி பிள்ளைகளின் தாபரிப்பு, மஹர் (கணவர் மனைவிக்குத் தரும் மணக்கொடை), கைக்கூலி (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசு) எல்லாம் காதி நீதிமன்றத்தில். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. ஆகவே போகும் முன் கேட்க வேண்டியதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காதியார் போட்ட தாபரிப்புக் கட்டளைக்குக் காசு வராவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம்.

ஓய்வூதியம்தான் மிகவும் குழம்பிக் கிடக்கும் விடயம். இணையத்தில் தேடினால், படைவீரரின் ஓய்வூதியத்தில் முன்னாள் மனைவிக்குப் பங்கு உண்டு என்று வரும். அது அமெரிக்காவில் 1982இல் வந்த சட்டம். இலங்கையில் விவாகரத்தோடு ஓய்வூதியம் தானாகப் பிரிவதில்லை. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி மொத்தத் தொகையோ, மாதக் கொடுப்பனவோ, சொத்தோ கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். வழக்கு நடக்கும் காலத்துக்கான செலவுப் பணத்தை 614ஆம் பிரிவில் கேட்கலாம். ஓய்வு பெறும்போது அவர் கைக்குப் பெரிய தொகை வரும் என்பதை மறக்காமல் வழக்குக்குள்ளேயே கேளுங்கள். பராமரிப்புச் சட்டத்தில் உங்கள் பங்கு மனைவி என்ற முறையில் வந்தது. விவாகரத்தோடு அந்த முறை முடிந்துவிடும், பிள்ளைகளின் பங்கு மட்டும் தொடரும்.

அப்புறம் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். அவர் இறந்தால் அது சட்டப்படி மனைவியாக இருப்பவருக்கு. விவாகரத்தான மனைவி அதில் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்புத் தரும். 3 மாதம் கழித்துத்தான் அது முடிவாகும். அந்த முடிவு வரும் வரை நீங்கள் மனைவிதான். "சைன் வைத்துவிடு, உனக்கும் நிம்மதி" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. விவாகரத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவு எடுக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர்கள் அந்த ஓய்வூதியப் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீடு பற்றி எங்கள் பகுதிப் பெண்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. தமிழர் முஸ்லிம்கள் இருவரிடமும் மகளுக்கு வீடு கொடுப்பது கிழக்கின் வழக்கம். வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் அது உங்கள் சொத்து. விவாகரத்தோடு அது தானாகக் கைமாறாது. ஆனால் அவருடைய லோனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்டிருந்தால், விவாகரத்தோடு அந்தப் பிணை போய்விடாது. வங்கி உங்களைத் தேடி வரும். இப்போதே போய் மீதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசில்லை என்று பின்வாங்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணி தரும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் வழி காட்டுவார். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938க்கு அழைத்துத் தமிழில் பேசலாம். வழக்கு சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பு கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை.

என் தங்கச்சிக்குப் பிள்ளைகளுக்கான கட்டளை கிடைத்தது. அவளுக்கென்று கேட்ட பங்கு கிடைக்கவில்லை, அந்தத் தாளால். வங்கிப் புத்தகத்தில் இப்போது மாதா மாதம் ஒரு வரி ஏறுகிறது. இரண்டு வரி ஏறியிருக்க வேண்டிய இடம் அது.