கெட்டுப்போனது ஆல்பம் இல்லை, ரிசீவர் செட்டிங்

வீடுகளில் சரவுண்ட் சிஸ்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பழைய அண்டர்கிரவுண்ட் ராக் ஆல்பங்களின் 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி) மறுவெளியீடுகளைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டு, "பாட்டையே பாழாக்கிட்டாங்க" என்று கூப்பிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கடைசியாகப் போன வீட்டிலும் அதே கதைதான். ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவரின் டிஸ்ப்ளேயில் 'மல்ட்டி சேனல் ஸ்டீரியோ' என்று இருந்தது. டிஸ்க் மெனுவில் ஸ்டீரியோ டிராக் தேர்வாகியிருந்தது. வீட்டுக்காரர் வாங்கிய 5.1 மிக்ஸை அவர் இன்னும் ஒரு நிமிடம்கூடக் கேட்கவே இல்லை.

ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தால் அது சரவுண்ட் ஆகிவிடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அந்த 'மல்ட்டி சேனல் ஸ்டீரியோ' மோடில், ரிசீவர் இரண்டு சேனலை நகலெடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது, அவ்வளவுதான். அதில் எந்த மனிதரின் முடிவும் இல்லை. உண்மையான சரவுண்ட் மிக்ஸ் மூல மல்ட்டிடிராக் டேப்பிலிருந்து, அதாவது குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களில் பதிவான டேப்பிலிருந்து பிறக்கிறது. கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் 1969 முதல் ஆல்பம் எட்டு டிராக் டேப்பில் பதிவானது. டிராக் தீர்ந்தால் பலவற்றை ஒன்றாகச் சுருக்கி வேறு டேப்புக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும். 2009-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அதை 5.1-க்கு மிக்ஸ் செய்தபோது, சுருக்குவதற்கு முந்தைய டேப்புகளுக்கே போனார். மெலட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) எங்கே, குரல் எங்கே, சாக்ஸ் எங்கே என்று ஒவ்வொன்றாக யோசித்து வைத்த வேலை அது. ஒரு பட்டனில் அதை அழித்துவிட்டு மிக்ஸ் செய்தவரைத் திட்டுவது அநியாயம்.

நிக் கேவ் அண்ட் த பேட் சீட்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பங்களும் 2009 முதல் 5.1 டிவிடியோடு வந்தன. 1984-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு முரட்டுத்தனமே குணம். அப்படிப்பட்ட இசையை ஐந்து பக்கமும் ஒரேமாதிரி ஊற்றினால் கூச்சல்தான் மிஞ்சும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்க் மெனுவில் 5.1-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். ரிசீவரை 'டைரக்ட்' அல்லது 'ஸ்ட்ரெய்ட்' மோடில் வையுங்கள். உள்ளே வரும் சிக்னல் என்ன என்று காட்டும் இன்ஃபோ பட்டன் உங்கள் ரிமோட்டில் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆப்டிகல் கேபிளில் டேட்டா சுருக்கப்பட்ட டால்பி, டிடிஎஸ் வடிவங்கள் மட்டுமே 5.1-ஆகப் போகும், தரம் குறையாத லாஸ்லெஸ் டிராக் வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ போடுங்கள்.

சென்டர் ஸ்பீக்கர் இல்லையா? அதை ரிசீவர் செட்டிங்கில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், இல்லாத அந்த ஸ்பீக்கருக்குக் குரல் போய் மறைந்துவிடும். "பாடுறவர் குரலையே காணோம்" என்ற புகார்களில் பாதி இதுதான்.

சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் கூரை மூலையில் தொங்கவிடாதீர்கள். நேர் முன்பக்கத்திலிருந்து 100 முதல் 120 டிகிரியில், ஏறக்குறைய காது மட்டத்தில் இருக்கட்டும். தூரத்தை அளந்து ரிசீவரில் போடுங்கள்; ஒரு மீட்டர் பிசகினால் சத்தம் 3 மில்லி செகண்ட் தள்ளிப்போகும். பின்னால் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பல பாட்டில் அங்கே எதிரொலி மட்டும்தான் வைத்திருப்பார்கள்.

அப்புறம், பழைய டிடிஎஸ் சிடி (டிடிஎஸ் வடிவில் 5.1 ஒலி பதிந்த சிடி) கையில் கிடைத்தால் சாதாரண சிடி பிளேயரின் அனலாக் அவுட்டில் போடாதீர்கள். பாட்டு வராது, முழுச் சத்தத்தில் இரைச்சல் வரும், ஸ்பீக்கரில் உயர் ஒலிகளைத் தரும் டுவீட்டர் போய்விடலாம்.