மீன்தொட்டிக்குக் கீழே ஓர் அலமாரி: பாரம் எங்கே போகிறது?

வலை, தொட்டித் தண்ணீரை உறிஞ்சி இறக்கும் சைஃபன் குழாய், இரண்டு வாளி, தீவன டப்பாக்கள், குளோரின் போக்கும் மருந்து, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்று ஒரு மீன்தொட்டிக்குச் சேரும் சாமான் சின்னக் குடித்தனம் ஒன்றுக்குச் சேருவதைவிடக் குறைவில்லை. அதனால் சென்னை கொளத்தூரில் 3 அடித் தொட்டி ஒன்றை வாங்கியபோது இரும்பு ஸ்டாண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடியில் நிறைய இடம் இருக்கும்படி மரத்தில் நானே ஒன்று செய்தேன். பருமனான நான்கு கால்கள், மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. சுற்றிலும் திறந்த வெளி. தண்ணீர் நிரப்பிவிட்டுத் தொட்டியின் மேல் விளிம்பை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். தொட்டியும் ஸ்டாண்டும் சேர்ந்து ஒரு விரற்கடை தூரம் போய்த் திரும்பின. அன்றிரவு பதினொரு மணி வரை வாளி வாளியாக இறைத்துக் கொண்டிருந்தோம்.

கால் போதவில்லை, இன்னும் தடிமனாகப் போட்டிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்புக் கணக்கு.

எடையைப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 36 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் கிட்டத்தட்ட 160 லிட்டர், அதாவது 160 கிலோ. கண்ணாடி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது. 8 மி.மீ. கண்ணாடியில் இந்த அளவுத் தொட்டி வெறுமனே 30 கிலோ வரும். சரளைக்கல்லும் அலங்காரக் கல்லும் ஒரு 20 கிலோ. மொத்தம் 210 கிலோ என்று வைத்துக் கொள்வோம். வளர்ந்த ஆட்கள் மூன்று பேர் இரவு பகலாக இறங்காமல் மேலே உட்கார்ந்திருப்பது போல.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் மரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அமுக்கினால், நன்கு காய்ந்த சாதாரண பைன் மரம்கூட ஒரு சதுர செ.மீ.க்கு 300 கிலோவுக்கு மேல் தாங்கும். 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் கொண்ட ஒரு காலின் பரப்பு சுமார் 25 சதுர செ.மீ. பெருக்கினால் ஏழு டன்னைத் தாண்டுகிறது. குட்டையான அந்த ஒற்றைக் கால் ஒரு லாரிச் சரக்கையே கேட்கிறது. நாம் அதற்குக் கொடுப்பது 50 கிலோ சொச்சம்.

அப்புறம் ஏன் ஆடியது?

பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். ஸ்டாண்டைத் தொடக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குச்சித் தட்டை உருவிவிட்டு, வெறும் கூட்டை என்னிடம் நீட்டினார். “மேல இருந்து நேரா அமுக்குங்க தம்பி.” நின்றது. “இப்போ மூலையைப் பிடிச்சு லேசா சாய்ச்சுப் பாருங்க.” கூடு சப்பென்று சாய்ந்து தட்டையாகிவிட்டது. குச்சித் தட்டை மறுபடி உள்ளே தள்ளியதும் அதே கூடு அசைய மறுத்தது.

என் ஸ்டாண்டின் மொத்த விஞ்ஞானமும் அந்தத் தீப்பெட்டிக்குள் இருந்தது. நான்கு கட்டைகளைச் சேர்த்த சட்டம் சாய்சதுரமாகச் சரிவதற்கு எந்தக் கட்டையும் நீளவோ குறுகவோ வேண்டியதில்லை. மூலைகள் கொஞ்சம் திரும்பினால் போதும். அந்தத் திருப்பத்தைத் தடுப்பது மூலையில் இருக்கும் இரண்டு திருகாணிகள் மட்டும்தான். தள்ளும் விசை அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, காலின் மறுமுனையில் இருக்கிறது. திருகாணிக்குக் கிடைக்கும் பிடிமானமோ இரண்டு மூன்று செ.மீ. கடப்பாரையின் நீள முனையை நாம் பிடித்துக்கொண்டு, குட்டை முனையைத் திருகாணியிடம் கொடுத்த கதை. அது தோற்காமல் என்ன செய்யும்?

இப்போது சட்டத்தின் பின்பக்கம் முழுக்க ஒரு பிளைவுட் தகட்டை அறைந்துவிட்டால் கதை மாறுகிறது. சட்டம் சாய வேண்டுமென்றால் ஒரு மூலைவிட்டம் நீள வேண்டும், இன்னொன்று குறுக வேண்டும். தகடு அதன் தளத்துக்குள்ளேயே நீள மறுக்கிறது. வெறும் 6 மி.மீ. பிளைவுட் போதும். ஆனால் நான்கு ஓரங்களிலும் ஒரு சாண் இடைவெளிக்குள் திருகாணி ஒன்று என்று வரிசையாகப் பிடித்திருக்க வேண்டும். நான்கு மூலையில் மட்டும் ஆணி அடித்தால் அது அலங்காரத் தகடு, அவ்வளவுதான்.

ஆக, சாமான் வைக்கும் இடமும் ஸ்டாண்டின் உறுதியும் ஒன்றுக்கொன்று பங்காளிச் சண்டை போடுபவை. கை நுழைய நாம் திறந்து விடும் ஒவ்வொரு பக்கமும் ஸ்டாண்ட் தன் சுவர் ஒன்றை இழக்கும் பக்கம். பக்கம் நான்கில் மூன்றை மூடிவிட்டு ஒன்றை மட்டும் கதவுக்கு விடுவது நியாயமான சமரசம். பின்தகடு இட வலமாக ஆடுவதைத் தடுக்கும், பக்கத் தகடுகள் இரண்டும் முன் பின்னாக ஆடுவதைத் தடுக்கும். கதவு இந்தக் கணக்கில் சேராது. கீலில் தொங்கும் கதவு எதையும் தாங்குவதில்லை. ஃபில்டர் குழாய்க்கும் ஒயருக்கும் பின்தகட்டில் ஓட்டை போடத்தான் வேண்டும். அதை ஓரத்துத் திருகாணி வரிசையிலிருந்து தள்ளி, வட்டமாகப் போடுவது நல்லது. சதுர ஓட்டையின் கூர்மூலைகளில் விசை குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும்.

அடுத்தது மேல்சட்டம், அதாவது மேல்பலகையை அடியிலிருந்து தாங்கும் குறுக்குக் கட்டைகள். நான் முதல் ஸ்டாண்டில் சட்டங்களைப் படுக்கை வாட்டில் போட்டிருந்தேன், பலகை அகலமாக உட்காரட்டுமே என்று. ஆசாரி பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. “கட்டையை நெட்டுக்குத்தா நிறுத்துங்க. படுத்தா தொங்கும்.” ஒரு சட்டம் தொய்வது அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். உயரம் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்று. 4 செ.மீ.க்கு 7.5 செ.மீ. அளவுள்ள கட்டை 85 செ.மீ. இடைவெளியைத் தாண்டிப் பாதித் தொட்டியைச் சுமக்கிறது என்று வையுங்கள். நடுத்தரமான மரத்தில் படுக்க வைத்தால் நடுவில் சுமார் 2 மி.மீ. தொய்யும், நிறுத்தி வைத்தால் 0.6 மி.மீ.தான். அதே மரம், அதே காசு. 2 மி.மீ.யில் என்ன வந்துவிடும் என்றால், மரம் நிரந்தரப் பாரத்தின் கீழ் வருடக் கணக்கில் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். புத்தக அலமாரியின் தட்டு நடுவில் குழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

தொய்வைக் குறைக்க இன்னொரு வழி, நடுவில் ஒரு கால். இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகிவிடும். ஆனால் வாளி உள்ளே போகாது. இங்கேதான் அலமாரியின் நடுத்தடுப்பு கைகொடுக்கிறது. இரண்டாவதாகச் செய்த ஸ்டாண்டில் தடுப்புப் பலகையை நட்டநடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தேன். ஒரு பக்கம் 2 அடி அறை, மறுபக்கம் 1 அடி அறை. பெரிய இடைவெளி மூன்றில் இரண்டாகக் குறைந்ததால் தொய்வு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக இறங்கியது. பெரிய அறை ஈர அறை: வாளி, குழாய், ஃபில்டர். சின்னது உலர் அறை: தீவனம், மருந்து, மின்சாதனங்கள். தடுப்பு பாரமும் சுமக்கிறது, தண்ணீரையும் கரண்டையும் பிரித்தும் வைக்கிறது.

மூட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டித் திருகாணியால் பிடித்தால், மொத்த எடையும் திருகாணியின் உடம்பில் வெட்டுவது போல இறங்குகிறது. சட்டத்தைக் காலின் தலைமேல் உட்கார வைத்தால் எடை மரத்திலிருந்து மரத்துக்கு நேராக இறங்கித் தரைக்குப் போய்விடும். திருகாணி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கல்தூண் மேல் உத்தரக்கல்லை வைத்த கோயில் மண்டபங்களில் திருகாணி ஏது? இந்த முறையில் சட்டம் நாரின் குறுக்கே அமுக்கப்படும் என்பது மட்டும் ஒரு குறை. குறுக்கே மரத்தின் வலு பல மடங்கு குறைவு. ஆனாலும் 50 கிலோவுக்கு அது தாராளம்.

இனி கண்ணாடி. அமுக்கினால் கண்ணாடி அசாத்திய உறுதி. இழுத்தாலோ வளைத்தாலோ சட்டென்று போய்விடும். அடிக்கண்ணாடிக்குக் கீழே ஒரு மணல் பருக்கையோ திருகாணித் தலையோ துருத்திக்கொண்டிருந்தால், மேலே 160 கிலோ தண்ணீர் அமுக்க, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கண்ணாடி வளையப் பார்க்கும். அதற்குத்தான் தெர்மாகோல் விரிப்பது. அது பருக்கையை விழுங்கிவிடும். வளைந்த பலகையை நிமிர்த்தும் வேலையைத் தெர்மாகோல் செய்யாது. பலகை தட்டையாக இருப்பது ஆசாரி வேலை. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் போட்டு வரும் தொட்டிகளில் எடை அந்தச் சட்டத்தின் விளிம்பில் இறங்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்வதைக் கேட்பதே நல்லது.

தண்ணீரின் அமுக்கம் தொட்டி எவ்வளவு நீளம் அகலம் என்று பார்ப்பதில்லை, ஆழத்தை மட்டும் பார்க்கும். 45 செ.மீ. ஆழத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 45 கிராம். கேட்க அற்பமாக இருக்கும். முன்கண்ணாடி முழுவதற்கும் கூட்டினால் 90 கிலோவுக்கு மேல் வெளியே தள்ளுகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது மூலையில் ஓடும் சிலிக்கான் பசைக் கோடு. ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டால் அந்த முறுக்கும் இந்தப் பசைக்குத்தான் போய்ச் சேரும். எனவே ரசமட்டம் வைத்து நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று மூன்று விதமாகவும் பாருங்கள். நம் வீட்டுத் தரைகள் கழுவிவிட வசதியாகக் கொஞ்சம் சரிந்திருப்பது சகஜம். ஆப்பு வைப்பதானால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம்.

எந்தப் பலகை? மரத்துகளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டும் எம்டிஎஃபும் விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஒரே ஒரு ஓரத்தில் ஈரம் ஏறினால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். ஊதியது திரும்பச் சுருங்காது. பிளைவுட்டில் எம்ஆர் (ஈரத்தை ஓரளவே தாங்கும்) ரகத்துக்கு யூரியா ஃபார்மால்டிஹைட் பசை, ஈரம் தொடர்ந்தால் அது விட்டுப்போகும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டின் ஃபீனால் பசையைக் கொதிநீரில் வேகவைத்தே சோதிக்கிறார்கள். அடித்தட்டுக்காவது அதைப் போடுங்கள்.

கால் மரத்தின் அடிமுனையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய நுண்குழாய்கள் எல்லாம் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. வீடு துடைக்கும் ஈரத்தை அவை இன்னமும் உறிஞ்சும். வெட்டுப்பட்டது அவற்றுக்குத் தெரியாது. வார்னிஷை அந்த முனையில் இரண்டு மூன்று தடவை ஊற விட்டு, ஒரு ரப்பர் வில்லையும் ஒட்டிவிட்டால் அழுகல் அண்டாது. மூடிய அலமாரிக்குள் நீராவி தேங்காமல் இருக்கப் பின்தகட்டில் மேலும் கீழுமாகக் காற்றோட்டத் துளைகள் வேண்டும்.

கீழறையில் சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்பட்டு, மோட்டாரில் திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டி) வைப்பவர்கள் மின்வெட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் வழிவாய் மட்டம் வரை, சில சமயம் குழாய் வழியே சைஃபனாகவும், கீழே இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினாலே மூன்றரை லிட்டர். 3 செ.மீ. என்றால் பத்து லிட்டருக்கு மேல். அந்த அளவு இடம் சம்ப்பில் காலியாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தீவன டப்பாக்கள் மிதக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் உலர் அறையின் மேல்பகுதியில் திருகி வையுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேரட்டும். ஒயர் வழியே வழியும் சொட்டு அந்த வளைவின் அடியில் விழுந்துவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்று. ஸ்டாண்ட் இரண்டரை அடி உயரம் என்றால், எடையின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 3 அடியில் இருக்கும். அகலம் ஒன்றேகால் அடிதான். 11, 12 டிகிரி சாய்ந்தாலே கவிழும். தொட்டியின் மேல் விளிம்பை 30, 35 கிலோ விசையோடு இழுத்தால் போதும், அந்தச் சாய்வு தொடங்கிவிடும். சுவரோடு சேர்த்து இரண்டு எல் வடிவக் கிளாம்ப் அடித்துவிடுங்கள். கனமான சாமானைக் கீழ்த்தட்டில் வைத்தால் மையம் கொஞ்சம் இறங்கும்.

எல்லாம் முடிந்து தண்ணீர் நிரப்பும் நாளில் அவசரம் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நிரப்பிவிட்டு ரசமட்டம் பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். என் இரண்டாவது ஸ்டாண்டில் ரசமட்டத்தைவிடக் கூர்மையான கருவி ஒன்று தற்செயலாக அமைந்தது. இரண்டு கதவுகளுக்கு இடையே 3 மி.மீ. சந்து, மேலிருந்து கீழ் வரை சீராக விட்டிருந்தேன். சட்டம் ஒரு இம்மி சரிந்தாலும் ஒரு கதவின் தலை ஏறி மற்றதன் தலை இறங்கும், கால்கள் ஒன்றுக்கொன்று இணை தவறினால் அந்தச் சந்து மேலும் கீழும் ஒரே அளவில் இராது, நடு தொய்ந்தால் கதவின் தலை உரசும். நிரப்பிய இரவும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் ஓர் அட்டைத்துண்டை நுழைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரி போய் வந்தது. ஐப்பசி மழையில் மட்டும் இடது கதவு கொஞ்சம் இறுகும். அது மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் ஊறுவது. தை பிறந்ததும் தானாக விட்டுவிடுகிறது.