ஈஸ்டர், பாஸ்கா, உயிர்ப்பு: ஒரு பெருநாளின் பெயர்கள்

சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலில் புனித வெள்ளிக்கு இடமுண்டு. அதை அடுத்து வரும் ஈஸ்டருக்குத் தனி வரி கிடையாது. எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால் யாரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. முன்பு ஈஸ்டர் திங்களும் விடுமுறையாக இருந்தது. 1968இல் விடுமுறை நாள்கள் குறைக்கப்பட்டபோது, தைப்பூசத்தோடு சேர்ந்து அதுவும் பட்டியலிலிருந்து நீங்கியது. பெயர் மட்டும் ஹோட்டல் விருந்து விளம்பரங்களிலும் கடைத்தொகுதிகளின் சாக்லெட் முட்டைக் குவியல்களிலும் நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகள் அந்தச் சொல்லை முதலில் படிப்பதும் அங்கேதான். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் ஒரே பதில் வராது.

இயேசு சிலுவையில் இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அந்த மூன்றாம் நாளைக் கொண்டாடுவதே இந்தப் பெருநாள். கிறிஸ்துமஸைவிட இது பழையது; திருச்சபையின் கணக்கில் அதைவிடப் பெரியதும்கூட. கிறிஸ்துமஸ் வேளையில் ஆர்ச்சர்ட் சாலை முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

‘ஈஸ்டர்’ என்பது ஆங்கிலத்துக்கும், ‘ஓஸ்டர்ன்’ என்று சொல்லும் ஜெர்மானியத்துக்கும் உரிய பெயர். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது அந்நியம். இத்தாலியரும் ஸ்பானியரும் ‘பாஸ்குவா’ என்பார்கள், கிரேக்கர் ‘பாஸ்கா’ என்பார்கள், ரஷ்யரும் கிட்டத்தட்ட அப்படியே. ஆங்கிலப் பெயருக்கு விளக்கம் தந்தவர் பீட் என்ற இங்கிலாந்துத் துறவி. 725ஆம் ஆண்டில் காலக்கணக்கைப் பற்றி எழுதிய நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதம் முன்பு ‘ஏயோஸ்துரே’ என்ற பெண் தெய்வத்தின் பெயரால் வழங்கியது என்றும், அம்மாதத்தில் வரும் கிறிஸ்தவப் பெருநாளுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது என்றும் அவர் குறித்தார். அத்தெய்வத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வேறு பழஞ்சான்று இல்லை. 1958இல் ஜெர்மனியில் ஏறத்தாழ அதே வேரில் பெயர் கொண்ட தாய்த் தெய்வங்களுக்கு எடுத்த கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தபின், பீட் சொன்னதை வெறும் கற்பனை என்று தள்ளியவர்களின் குரல் சற்றுத் தணிந்தது.

ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வலம்வரும் இன்னொரு கதையைத் தயங்காமல் தள்ளிவிடலாம். பாபிலோனிய தெய்வமான இஷ்தாரின் பெயர்தான் ஈஸ்டர் ஆயிற்று என்பது அக்கதை. ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆங்கிலம் என்றொரு மொழி உருவாகும் முன்பே, இரண்டாம் நூற்றாண்டிலேயே, இந்தப் பெருநாளை எந்தத் தேதியில் கொண்டாடுவது என்று இன்றைய துருக்கிப் பகுதியான சின்ன ஆசியாவின் சபைகளும் ரோமைச் சபையும் வாதிட்டுக்கொண்டிருந்தன. அப்போது அதன் பெயர் பாஸ்கா.

ஈஸ்டரின் உண்மையான வேர் இன்னும் சுவையானது. அச்சொல் விடியலைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. கிழக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த வேரின் கிளையே. கிரேக்கரின் விடியல் தெய்வமான ஈயோஸ், ரோமரின் அவ்ரோரா, வேதத்தின் உஷஸ் எல்லாம் ஒரே குடும்பம். வடமொழி வழியாக அந்த உஷஸ் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. கோயில்களில் விடியற்காலையில் நடக்கும் உஷக்கால பூசையின் முதற்சொல்லும் ஈஸ்டரும் தூரத்து உறவினர்கள். அர்ச்சகரிடமும் பாதிரியாரிடமும் ஒரே நாளில் சொன்னால் இருவருமே சிரிப்பார்கள். ஆனால் மொழியியல் அப்படித்தான் சொல்கிறது.

பாஸ்கா எபிரேயச் சொல். ‘பெசாக்’ என்பது அதன் மூலம். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைக் கதவு நிலைகளில் பூசினர், சாவு அந்த வீடுகளைத் தொடாமல் கடந்து சென்றது என்கிறது யாத்திராகம நூல். அப்படிக் ‘கடந்து செல்லுதல்’தான் பெசாக். அரமேயம், கிரேக்கம், இலத்தீன் வழியே நடந்து அது பாஸ்கா ஆயிற்று. நற்செய்தி நூல்களின்படி இயேசு கொல்லப்பட்டது இந்த யூதத் திருவிழாவை ஒட்டியே. ஆகவே கிறிஸ்தவர் அவரையே பலியான ஆட்டுக்குட்டியாகக் கண்டனர். பெயரும் கூடவே வந்தது. கிரேக்கம் பேசிய தொடக்கக் கால ஆயர்கள் சிலர், தம் மொழியில் துன்புறுதலைக் குறிக்கும் ‘பாஸ்கெய்ன்’ என்ற வினையோடு இதை இணைத்தும் விளக்கினார்கள். சொல்லாராய்ச்சியாக அது தவறு. ஆனால் தமிழகச் சிற்றூர்களில் இயேசுவின் பாடுகளை இரவு முழுக்க நடித்துக் காட்டும் நாடகத்துக்கும் பாஸ்கா என்றே பெயர் இருப்பதைப் பார்த்தால், அந்த ஆயர்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

விவிலிய மொழிபெயர்ப்பிலும் இச்சொல் ஒரு வேடிக்கை காட்டுகிறது. 1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு, அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யூதரின் விழாவையே ‘ஈஸ்டர்’ என்று பெயர்த்துவிட்டது. அதே இடத்தில் தமிழ் வேதாகமம் ‘பஸ்கா பண்டிகை’ என்று சரியாகச் சொல்கிறது.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்ற கேள்விக்கும் விடை பாஸ்காவில் இருக்கிறது. யூத நாட்காட்டி நிலவைப் பின்பற்றுவது. 325இல் நிக்கேயாவில் கூடிய திருச்சங்கத்துக்குப் பின் நிலைத்த வழக்கம் இது: மார்ச் 21 அல்லது அதன்பின் வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு. அதனால் ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்பும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. கீழை மரபுச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணிப்பதால் பெரும்பாலும் அவர்களுக்குத் தள்ளிப்போகும். நிலவுக் கணக்கு தமிழருக்குப் புதிதில்லை. பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டி வருவதால், பல ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒரே நிலவு. 2024 மார்ச் 25இல் முழுநிலவு. ஈசூனில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி செல்லும் பருவம் அது. மார்ச் 31 ஈஸ்டர்.

இனித் தமிழ்ப் பெயர்கள். ‘வசந்த விழா’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். வட ஐரோப்பாவில் பனி உருகும் காலத்தில் வருவது தற்செயலாகக் கிடைத்த அழகு. பெருநாளின் பொருள் அதுவன்று. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே, பிற்பகல் இடிமழைக்குக் குடை தேடும் ஊரில், வசந்தம் என்ற சொல்லே பொருந்தாது. முட்டையும் அப்படித்தான்: ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்ததால் அது முடிந்ததும் வீட்டில் முட்டை மிகுந்தது. கீழை மரபினர் அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். குழந்தை பிறந்து ஒரு மாதமானதும் சிவப்பு முட்டை தரும் சீன அண்டை வீட்டாருக்கு இது விளங்கும். முயல், ஜெர்மானியர் பின்னாளில் சேர்த்தது.

‘இயேசு மறுபிறவி எடுத்த நாள்’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. மறுபிறவி என்றால் வேறொரு கருப்பையில், வேறோர் உடலில் பிறப்பது. தமிழர் அச்சொல்லை அந்தப் பொருளில்தான் அறிவார்கள். இங்கே சொல்லப்படுவது காயத்தழும்புகளோடு அதே உடல் எழுந்தது.

உயிர்ப்பு என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது. பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். நின்ற மூச்சு மீண்டும் வருவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. யோவான் நற்செய்தியில், உயிர்த்த அன்று மாலையே இயேசு சீடர்கள்மேல் ஊதுகிறார். சொல்லுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே யாரும் திட்டமிடாத பொருத்தம். சீன மொழியிலும் ‘மீண்டும் உயிர்பெறும் விழா’ என்ற பொருளில்தான் பெயர் அமைந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘உயிர்த்த ஞாயிறு’ என்பார்கள். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையார் நாவில் ‘உயிர்த்தெழுதல்’ மிகுதி. ஓஃபிர் சாலையில் 1888 முதல் தமிழ்க் கத்தோலிக்கரின் வீடாக இருந்துவரும் லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் முந்தைய இரவு நடப்பது ‘பாஸ்கா திருவிழிப்பு’. அப்போது ஏற்றும் பெரிய மெழுகுதிரியில் அந்த ஆண்டின் இலக்கங்களைப் பொறிப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. வழிபாட்டு நூலில் பாஸ்கா இருக்கட்டும். செய்தியிலும் வாழ்த்திலும் உயிர்ப்பு ஞாயிறு அல்லது உயிர்ப்புப் பெருவிழா என்று எழுதலாம். சாக்லெட் முட்டைக்கு ஈஸ்டர் போதும். வாழ்த்து என்றதும் ஒன்று: வெள்ளிக்கிழமையன்று ‘புனித வெள்ளி வாழ்த்துகள்’ அனுப்ப வேண்டாம், அது துக்க நாள். ஞாயிறன்று ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று சொல்பவருக்கு ‘மெய்யாகவே உயிர்த்தார்’ என்பது மறுமொழி.

எழுதும்போது ‘உயிர்ப்புப் பெருவிழா’வில் ப் மிகும், ‘உயிர்ப்பு ஞாயிறு’க்கு ஒற்று தேவையில்லை. பாஸ்கா கத்தோலிக்க வழக்கு, பஸ்கா சீர்திருத்தச் சபை வழக்கு. இரண்டில் எதையும் பிழை என்று திருத்த வேண்டியதில்லை.