என்.எஸ்.எஸ். சேர்ந்தாச்சு, 240 மணி நேரத்தில் என்ன வேலை செய்வது?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இதை நடத்துவது மத்திய அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகம். கல்லூரியில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, என்.எஸ்.எஸ். என்றால்தான் தெரியும்.

விதி சுலபமானது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு 7 நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்கி வேலை பார்க்க வேண்டும். இரண்டையும் முடித்தால் சான்றிதழ் உண்டு. என்.சி.சி.யில் இருப்பவர்கள் கூடவே இதிலும் சேர முடியாது.

எந்த வேலை என்பதைத் திட்ட அலுவலரான பேராசிரியர் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. மாணவர்களும் யோசனை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பல இடங்களில் முகாமுக்குப் போகும் வரை முகாம் நடக்கும் ஊரை மாணவர்கள் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி ஊருக்குத் தேவையான வேலை அமையும்?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் என்.எஸ்.எஸ். அணி பணி செய்யத் தத்தெடுத்த ஊரின் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அது நடக்கும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 எல்லாமே கல்லூரி விடுமுறை நாட்கள்தான். குடிதண்ணீர், தெருவிளக்கு, வராத முதியோர் உதவித்தொகை என்று மக்களே எழுந்து பேசுவார்கள். எதை மாணவர்களால் செய்ய முடியும், எது அதிகாரிகள் செய்ய வேண்டியது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

அடுத்து, நாம் கிளம்பிய பிறகும் அந்த வேலையின் பலன் நிலைக்குமா என்று பாருங்கள். கோடை தொடங்கும் நேரத்தில் 200 கன்று நட்டுவிட்டு வந்தால் தண்ணீர் ஊற்றுவது யார்? பொறுப்பேற்க ஊரில் ஆள் இருந்தால் 20 கன்று போதும். சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் அப்படித்தான். தரைக்கு மேலே வெட்டிப் போட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், மழை பெய்ததும் அடிக்கட்டை துளிர்த்து முன்பைவிடப் புதராக எழும். தூரோடு தோண்டி எடுக்க நேரமும் ஆளும் அதிகம் வேண்டும். அதனால் கண்மாய் முழுவதையும் தொடாமல், வரத்துக் கால்வாயில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுதாக முடிப்பது நல்லது.

மண்வெட்டி பிடிப்பது மட்டும்தான் சேவை என்றில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, ஆதாரில் பெயர் தவறாக இருக்கும் பாட்டியை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவது, மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது எல்லாம் சேவைதான். வணிகவியல் மாணவருக்கு மகளிர் குழுவின் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கத் தெரியும். என்னைக் கேட்டால், விழிப்புணர்வுப் பேரணியைவிட இவற்றுக்கே அதிக மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், செய்த வேலையைத் தேதி, மணி நேரத்தோடு அன்றன்றே பணிக் குறிப்பேட்டில் எழுதித் திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சான்றிதழுக்கு மணிக்கணக்குப் பார்க்கும்போது அதுதான் ஆதாரம்.